புதன்கிழமைத் தூசி

ஈரத் துணியை முதலில் விரித்துவிட வேண்டும், பிரஷ் அப்புறம்தான். சென்னியப்பன் பழைய பனியன் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து சமையலறை மேடையில் விரித்தார். பக்கத்தில் சப்பாத்திப் பலகையைப் போட்டு, அதன்மேல் உள்ளங்கை அகலமுள்ள பச்சைப் போர்டை ஓரத்தைப் பிடித்து வைத்தார். ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், நடுவில் விரல் படக் கூடாது, விரலில் இருக்கிற எண்ணெயும் உப்பும் போர்டுக்கு ஆகாது, விரலில் இருக்கிற கரண்ட் அதைவிட ஆகாது, நமக்கே தெரியாமல் ஒரு பொட்டு மின்சாரம் தாவி உள்ளே ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும், செத்தது வெளியே தெரியவும் தெரியாது. அதற்காக மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரை ஜன்னல் வழியாகக் கொல்லையில் இருந்த எர்த் கம்பியில் மாட்டியிருந்தார். பார்ப்பவர்களுக்கு ஆளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இப்படிக் கட்டிப்போட்டால்தான் இந்த மனுஷன் ஒரு இடத்தில் நிற்பார் என்று மனைவி துளசிமணி கேலி பண்ணியிருப்பாள், பண்ணுவதற்கு மூச்சு இருந்தால். அவள் முன்னறைக் கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் வழக்கமான மெஷின் இல்லை, அவசரத்துக்கென்று வாங்கி வைத்த சின்ன சிலிண்டர். அதன் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டிருந்தார், மணி இப்போது பதினொன்று. காலையிலிருந்து ஆக்சிஜன் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து கத்திக்கொண்டிருந்தது, கம்பெனிக்குப் போன் போட்டால் சனிக்கிழமைதான் ஆள் வருமாம், அதனால் அவரே மெஷினைத் திறந்து இந்தப் போர்டைக் கழற்றியிருந்தார். இன்றைக்கு வியாழன். புதன் இல்லை, அந்த மட்டும் நல்லது என்று அவர் மனசு எதற்கோ ஆறுதல் பட்டுக்கொண்டது.

ஊதக் கூடாது. வாயால் ஊதுவதற்குத்தான் உதடு முதலில் குவிகிறது, எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கையில் எதைக் கொடுத்தாலும் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் மேலே பார்ப்பான். எச்சில் ஈரம் தெறித்தால் ஆறு மாசத்தில் போர்டின் உலோகக் கால்களெல்லாம் பச்சை பிடித்துவிடும். அது போர்டுக்காகச் சொல்கிற காரணம். அவர் ஊதாமல் இருப்பதற்குக் காரணம் வேறு, அந்தப் பக்கம் மனசைப் போக விடாமல் அவர் பிரஷ்ஷைப் பார்த்தார். பெயிண்டு பிரஷ், அசல் முடி, பிளாஸ்டிக் கிடையாது. போர்டைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாக, ஒரே திசையில், ஈரத் துணியை நோக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். தூசி பறக்கவே கூடாது, இருந்த இடத்திலிருந்து இறங்கித் துணியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் வித்தை. முதல் இழுப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப் புழு போலத் திரண்டு வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கிட்டத்தில் பார்த்தார். இது வீட்டுத் தூசி. இதில் அவளுடைய முகப்பவுடர் இருக்கிறது, கட்டிலில் கிடந்தாலும் குளித்ததும் பவுடர் போடாமல் அவளுக்கு ஆகாது. திருநீறு இருக்கிறது. எதிரே புதிதாகக் கட்டுகிற மாடியின் சிமெண்டு இருக்கிறது. ஒரு நரைமுடி, அவருடையதா அவளுடையதா தெரியவில்லை. பஞ்சு இருக்கிறதா என்று தேடினார். மில்லை விட்டு இவர் வந்து எட்டு வருஷம், அவள் வந்து இருபது வருஷத்துக்கு மேல், இங்கே பஞ்சு எப்படி வரும், ஆனாலும் தேடினார். கனெக்டரின் கடைசிக் காலைச் சுற்றி ஒரு வெள்ளை இழை இருந்தது. தலையணையிலிருந்து வந்திருக்கும். தலையணையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டு, ஊசி முனையால் அதை எடுத்துத் துணியில் ஒட்டினார். எடுக்கிறபோது ஒரு கால் ஒடிந்தால் என்ன ஆகும். சனிக்கிழமை வரை சிலிண்டருக்கு எங்கே போவது, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது திரும்பி வருவாள் என்றே யாரும் சொல்லவில்லை. ஒடியாது. அறுபது போர்டை ஒரே மூச்சில் பார்த்த கை இது.

"ஏனுங்," முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ஆச்சுங்ளா?"

"ஆவுது அம்மிணி. பேசாத, மூச்சை வீணாக்காத."

அவள் குரல் எத்தனை தெளிவாகக் கேட்கிறது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. பதினான்கு மாசமாக அந்த மெஷின் ராவும் பகலும் தடதடவென்று இரைந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி இரைந்துகொண்டே இருந்ததில் வீட்டில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை, கத்துவார்கள். மாத்திரை போட்டியா என்று கத்துவார், போட்டேன் என்று தலையாட்டுவாள், அத்தோடு சரி. இன்றைக்கு மெஷின் வாயை மூடியதில் வீட்டுக்குள் எல்லாம் கேட்டது. சொட்டுகிற குழாய் கேட்டது. எதிர் மாடியில் கலவை போடுகிற பெண் யாரையோ திட்டுவது கேட்டது. முன்னறைச் சுவரில் கடிகாரம் நகர்வது கேட்டது. அந்தக் கடிகாரத்தை அவர் பார்ப்பதில்லை, மணி பார்க்க வேண்டுமென்றால் செல்போனை எடுப்பார், ஆனால் கேட்காமல் இருக்கக் காதுக்கு மூடி கிடையாது. ஒரு வருஷத்தில் ஒரு போர்டுகூடப் பழுதாகவில்லை என்று மில்லில் மேடை போட்டுக் கொடுத்த கடிகாரம் அது. கண்ணாடிக்குக் கீழே அவர் பேர் தங்க எழுத்தில் இருந்தது, அப்போதெல்லாம் அவருக்கே போர்டு சென்னி என்றுதான் பேர். வைண்டிங் டிபார்ட்மெண்டில் எட்டு மெஷின். நூலைக் கோனில் சுற்றுகிற மெஷின், ஒவ்வொன்றிலும் அறுபது முனை, ஒவ்வொரு முனைக்கும் நூலின் தடிமனைப் பார்க்க ஒரு சின்ன போர்டு. மெஷினோடு வந்த புஸ்தகத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது: போர்டைக் கழற்று, தனி அறைக்குக் கொண்டு போ, உறிஞ்சுகிற குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் துடை, அழுத்தக் காற்றை உபயோகிக்காதே. அப்படிச் செய்தால் ஒரு மெஷின் ஒன்றரை மணி நேரம் நிற்கும். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றரை மணி நேரமா என்று புருவத்தைத் தூக்கியதோடு சரி. ஏர் ஹோஸைப் பிடித்து அடித்தால் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் சார் என்றது யார்? இவர்தான். இருபத்தைந்து வயசு, வாய் சும்மா இருக்குமா. காற்றில் இருக்கிற ஈரம் போர்டைக் கெடுக்காமல் வடிகட்டிக் கொடுக்க ஒரு ஃபில்டரும் அவரே மாட்டினார், எர்த்தும் அவரே இழுத்தார், போர்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. புதன்கிழமை தோறும் மெஷின் மெஷினாகக் கதவைத் திறந்து, மூக்கிலும் வாயிலும் மில் கொடுத்த மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, அறுபது முனையிலும் காற்றை அடித்துக்கொண்டே போவார். வெள்ளையாகக் கிளம்பும். எதிரே நிற்கிற ஆள் தெரியாது. பக்கத்து மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதற்குப் பெண்பிள்ளைகள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். அவர்களில் யார் துளசிமணி, யார் மரகதம் என்று அப்போது அவருக்குத் தெரியாது, யாரைத்தான் தெரியும், போர்டு தெரியும். பெரியம்மா ஒரு நாள் வந்து, உங்க மில்லுப் பொண்ணு ஒண்ணு இருக்குது, குணமான புள்ள, ஜாதகமும் பொருந்துது என்று சொல்லி, பெண் பார்க்கப் போய் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்த முகத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

தூசி எங்கே போகும். இது ஒரு கேள்வியா, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும், ஒரு இடத்திலிருந்து ஊதினால் இன்னொரு இடத்தில் போய் உட்காரும். இந்த ஒரு கேள்வியை மட்டும் காற்றடித்த பதினோரு வருஷமும் அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. பிரஷ் இரண்டாவது வரிசைக்கு வந்தது. டாக்டரும் நேராகச் சொல்லவில்லை, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மா மில்லில் இருந்தீங்களா என்றார். வைண்டிங்கிலீங் என்று என்னவோ படித்த பட்டத்தைச் சொல்வது போலச் சொன்னாள். நீங்களும் அதே மில்லா, உங்களுக்கு இருமல் கிருமல் ஏதாவது என்று இவர் பக்கம் திரும்பினார் டாக்டர். இல்லைங்க சார், எனக்கு மாஸ்க் குடுத்திருந்தாங்க. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு மாஸ்க் குடுத்திருந்தாங்க. அன்றிலிருந்துதான் கணக்குப் போட ஆரம்பித்தார். புதன்கிழமைக்குப் பத்து நிமிஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு புதன், பதினோரு வருஷம். ஐயாயிரத்து எழுநூற்று இருபது நிமிஷம். மணியாக்கினால் தொண்ணூற்றைந்து சொச்சம், நாளாக்கினால் நாலு நாள். நாலே நாள், அதற்கா இப்படி ஆகும், மற்ற நாளெல்லாம் மில்லில் பஞ்சு பறக்கவே இல்லையா, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், எத்தனை பேருக்கு இப்படி ஆயிற்று, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் இருந்தவன் எல்லாம் எழுபது வயசில் சைக்கிள் ஓட்டுகிறான். கணக்கு இந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். உடனே இன்னொரு கணக்கு வரும். எழுந்த தூசி பத்து நிமிஷத்திலா இறங்கும், அந்த ஷிப்டு முழுக்க அந்தரத்தில் நிற்குமே. அவளுடைய மெஷின் ஒன்றுதானா, மற்ற ஏழு மெஷின் என்ன பக்கத்து ஊரிலா இருந்தது. கல்யாணமான புதுசில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். மரகதத்துக்கு இருமல் ஜாஸ்தியா இருக்குதுங், அந்தக் காத்தை வேற பக்கமா அடிக்கக் கூடாதுங்ளா. அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, பத்து நிமிஷம்தான, மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கச் சொல்லு என்றார். பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரால் நிற்க முடியும்? அவள் சிரித்தாள், இவரும் சிரித்தார், ரசம் நன்றாக இருந்தது. அப்பளம்கூட இருந்தது அன்றைக்கு. எத்தனையோ மறந்து போயிருக்கிறது, இந்த அப்பளம் மறந்து தொலைய மாட்டேனென்கிறது.

போர்டில் தூசி முடிந்தது. இனி ஸ்பிரிட். காஸை ரெகுலேட்டரிலேயே மூடியாயிற்றா என்று மூன்றாம் தரம் தொட்டுப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, நடுக்கதவைச் சாத்தினார். ஸ்பிரிட்டும் ஆக்சிஜனும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, ஒரு பொறி பட்டால் போதும், அப்புறம் வீடும் இருக்காது ஆளும் இருக்க மாட்டார்கள். பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து, கனெக்டரின் கால்களை ஒவ்வொன்றாக, குழந்தைக்குக் காது துடைப்பது போலத் துடைத்தார். குச்சி கறுத்தது. வேறு குச்சி எடுத்தார். நாலாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. அதைக் கண்டதும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது, முப்பத்தாறு வருஷத்துப் பழைய சந்தோஷம், அது எழுந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. எந்தப் போர்டையும் கடைசியில் வெள்ளையாக்கிவிடலாம். இப்படி உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் துடைத்துவிட்டு வர மனுஷ நெஞ்சுக்கு ஒரு குச்சி இல்லை. அவர் கொல்லைப் பக்கம் பார்த்து நின்று அழுதார். மணிக்கட்டில் வயர் இருந்ததால் அந்தக் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்க வரவில்லை, தோளில் தேய்த்துக்கொண்டார்.

இனி காய வேண்டும். இருபது நிமிஷம், ஒரு நிமிஷம் குறையக் கூடாது. ஈரத்தோடு மாட்டினால் ஸ்பிரிட் வாடை ஆக்சிஜன் மெஷினுக்குள் போகும், அந்த ஆபத்தை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். அவசரப்பட்டு ஒரு தடவை ஒன்றரை மணி நேரத்தைப் பத்து நிமிஷமாக்கியவருக்கு இந்த இருபது நிமிஷத்தைக் குறைக்கிற துணிச்சல் இல்லை. போர்டைக் கொல்லைக் காற்றில் நிழலாகச் சாய்த்து வைத்தார். பட்டையைக் கழற்றினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், முகர்ந்து பார்த்து மறுபடி கழுவினார், கழுவிக்கொண்டே அவருக்குப் புரிந்தது. சொல்வதற்கு இதுதான் நேரம். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஏர் ஹோஸ் யோசனை என்னோடது, மேனேஜரோடது இல்லை, புஸ்தகத்தில் வேண்டாமென்று போட்டிருந்ததைப் படித்துவிட்டுத்தான் அடித்தேன், நீ கேட்ட அன்றைக்கும் நிறுத்தவில்லை, உன்னை இப்படி உட்கார வைத்தது நான்தான். இதைக் கத்திச் சொல்ல முடியுமா? மாத்திரை போட்டியா என்று கேட்பது போலவா? பதினான்கு மாசத்துக்கு ஒரு இருபது நிமிஷம் கிடைத்திருக்கிறது, இன்னொன்று கிடைக்குமா என்று டாக்டரே சொல்லவில்லை. சொன்னால் அவள் மூச்சு வாங்க அழுவாள். அல்லது சும்மா பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு அவர் அதைவிடப் பயந்தார். சொல்லாவிட்டால் அவள் ஒன்றும் தெரியாமலே போய்விடுவாள், அப்புறம் யாரிடம் சொல்வது, கடிகாரத்திடமா.

சமையலறை வாடை அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டு, நடுக்கதவைத் திறந்து போய், சாத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். முள்ளைப் பார்த்தார். இறங்கியிருந்தது, ஆனால் இடம் இருந்தது.

"கடியாரச் சத்தம் கேக்குது பாருங்," என்றாள் துளசிமணி. "ஓடுதுன்னே மறந்து போச்சு எனக்கு."

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்."

"மில்லுல... புதன்கெழமை புதன்கெழமை நான் வந்து காத்தடிப்பனல்லோ."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் எதிர்பார்க்காதது அதுதான். தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள்.

"அதைய மறக்க முடியுங்ளா," என்றாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு என்று நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். "மரகதம், மத்தவளுக எல்லாம் மூணாவது மெஷினுக்கு ஓடிப் போயிருவாளுக. போனாலும் முந்தானையில மூக்கைப் பொத்திக்குவாளுக. நான் நவுரவே மாட்டன். பக்கத்து மெஷின்லயே நிப்பன்."

"ஏன்?" என்றார். கேட்டுவிட்டு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"ஏனா? வேற எப்புடிங் உங்களப் பாக்கறது? வாரத்துக்கு ஒருக்காத்தான் வருவீங்க. வந்தாலும் பத்து நிமிஷம். மாஸ்க்கு வேற. கண்ணு மட்டும்தான் தெரியும்." அவள் குழாயைச் சரி செய்துகொண்டாள். "அப்பத்தான் புதுசா மூக்குக் குத்தியிருந்தன். வெள்ளைக்கல்லு. நீங்க பாக்கோணும்னுதான் மூக்கைப் பொத்தாம நிப்பன். மூஞ்சியெல்லாம் பஞ்சாப் போயிரும். இருந்தாலும் கல்லு மின்னுமல்லோ."

சென்னியப்பன் அவள் மூக்கைப் பார்த்தார். குழாய் உரசுகிறது என்று ஆஸ்பத்திரியிலேயே மூக்குத்தியைக் கழற்றியாயிற்று, ஓட்டை தூர்ந்து ஒரு புள்ளியாகத்தான் இருந்தது. அந்தக் கல்லை அவர் பார்க்கவே இல்லை. வெள்ளையாகக் கிளம்பிய தூசிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதன்கிழமையும் காத்துக்கொண்டு நின்றாள், இவர் அறுபது முனையையும் எண்ணிக்கொண்டு போனார்.

"பாத்துட்டுத்தான பொண்ணு கேட்டு வந்தீங்க?" என்றாள் அவள். கேள்வி மாதிரிகூட இல்லை. முப்பத்து மூன்று வருஷமாகத் தெரிந்த ஒன்றை இன்னொரு தரம் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டாள். "உங்க பெரியம்மா வந்து நின்னப்பவே நெனச்சன். கல்லு கண்ணுல பட்டிருக்குதுன்னு."

கடிகாரம் நகர்ந்தது. இப்போது எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்கிக்கொள்வது போல ஆகிவிடும். நெஞ்சைத்தான் எடுத்துக்கொண்டாயிற்று.

"பாத்தன் அம்மிணி," என்றார். "பாக்காம என்ன. தூரத்துல இருந்தே மின்னுமே."

"எனக்குத் தெரியும்," என்று அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் நினைவு வந்து, "என்னமோ சொல்லோணும்னீங்க?" என்றாள்.

"அதைத்தான் சொல்ல வந்தன்."

இருபது நிமிஷம் ஆனதும் அவர் எழுந்து போனார். போர்டை முகர்ந்து பார்த்தார், வாடை இல்லை. இன்னும் ஐந்து நிமிஷம் கூடவே வைத்திருந்து மறுபடி முகர்ந்தார். பட்டையைக் கட்டிக்கொண்டு போர்டை மெஷினில் உட்கார வைத்து, கனெக்டரை அழுத்தி, நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினார். தூசி பிடித்த ஈரத் துணியை உதறாமல் மடித்து, ஒரு கவரில் போட்டு இறுகக் கட்டினார். மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஸ்விட்சைப் போட்டதும் அது ஒரு தரம் கத்திவிட்டு, தடதடவென்று இரைந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி இரைந்தது. மஞ்சள் விளக்கு கொஞ்ச நேரம் யோசித்தது. பச்சை வந்தது. குழாயைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கி மெஷினில் மாட்டி, அவள் மூச்சு வாங்குவது சீராகும் வரை முழங்கால் போட்டு அங்கேயே இருந்தார். கடிகாரம் கேட்கவில்லை. எதிர் வீட்டுக் கலவைச் சத்தமும் கேட்கவில்லை. அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு, குரலை ஏற்றாமல், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போலவே சொன்னார். நான் பாக்கல துளசி. போர்டைத்தான் பாத்தன். காத்தடிக்கச் சொன்னதே நான்தான்.

உதடு அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னங்? கேக்கலீங்," என்று கத்தினாள்.

"பச்சை லைட்டு வந்துருச்சுன்னன்," என்று அவரும் கத்தினார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, பவுடர் டப்பாவை எடுத்துத் தரச் சொல்லிக் கை காட்டினாள்.